சிலம்பத்தில் அடியின் கோணத்தை எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது?

கீழக்கரைக் கம்பு

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் சிலம்பம் கற்றுக்கொடுத்து வருகிறேன். வீச்சும் வரிசையும் கைவந்த சிலர் இப்போது தொடுமுறைக்கு, அதாவது எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டத்துக்கு, வந்திருக்கிறார்கள். தனித்திறமையில் கம்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும் ஒரு மாணவன், எதிரில் ஆள் நின்றவுடன் வலது தோளுக்கு மேலிருந்து எதிராளியின் இடது தலைப்பக்கம் நோக்கி இறக்கும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறான். அதை எதிராளி தடுக்கப் பழகிவிட்டால் அவனிடம் வேறு வழி இருப்பதில்லை. மற்றப் பிள்ளைகளும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

எட்டுத் திசைகளையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சில வாத்தியார்கள் சொல்கிறார்கள். இரண்டு கோணங்களில் தேர்ந்த பிறகே மூன்றாவதைத் தொட வேண்டும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நான் மதிக்கும் பெரியவர்கள் இருப்பதால், எண்ணிக்கையைக் காட்டிலும் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எந்தக் கோணத்தை முதலில் கற்றுக்கொடுக்கலாம், ஏன்? ஆட்டத்தின் நடுவே, எதைப் பார்த்து இந்தக் கோணம்தான் இப்போது சரி என்று மாணவன் முடிவு செய்ய வேண்டும்? பிள்ளைகள் என்பதால் எந்தக் கோணங்களை அறவே தவிர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சாயல்குடி வாத்தியார்

தம்பி, உங்கள் மாணவன் ஒரே கோணத்தில் அடிப்பதற்கான காரணம் அவன் காலில் இருக்கிறது. கையைத் திருத்தப் பார்த்தால் பலன் கிடைக்காது. எதிராளிக்கு நேர் எதிரே, வலக்காலை முன்வைத்து, அதே தடத்தில் முன்னும் பின்னும் போய் வருகிறவனுக்கு இடுப்பின் பலத்தோடு அடிக்கக்கூடிய வழி அந்த ஒன்றுதான். கையால் மட்டும் வேறு கோணத்தில் அவன் அடிக்கலாம். ஆனால் அந்த அடியில் உடம்பு சேராது, அடித்து முடித்தபின் நிலையும் குலைந்து நிற்கும். உடம்புக்கு அது தெரிந்திருப்பதால்தான் நெருக்கடியில் பழகிய கோணத்துக்கே திரும்புகிறான்.

ஆகவே கோணத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் காலடியைச் சொல்லிக்கொடுங்கள். கடல் வற்றும்போது வெளிப்படும் ஈர மணலில் கம்பின் நுனியால் ஒரு கூட்டல் குறியும், அதன் மேலேயே ஒரு பெருக்கல் குறியும் கீறி, மாணவனை நடுவில் நிறுத்துங்கள். எதிரே, கயிறு சுற்றிய பனங்கட்டை ஒன்றை நட்டுவையுங்கள். கம்பு இல்லாமல் முதலில் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு காலை வைத்து, இடுப்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கம்பைக் கொடுத்து, எந்தக் கோட்டில் கால் போனால் எந்த அடி தானாக விழுகிறது என்பதை அவனையே கண்டுபிடிக்க விடுங்கள். இடது முன்மூலைக் கோட்டில் இடக்கால் போகும்போது வலமிருந்து வரும் கீழடி இயல்பாக எழும்பும். வலது முன்மூலைக்கு வலக்கால் போகும்போது இடது தோளுக்கு மேலிருந்து இறங்கும் அடி இயல்பாக விழும். இவற்றை வாயால் சொல்லிக்கொடுத்தால் மனப்பாடமாகத்தான் நிற்கும். கால் கண்டுபிடித்த கோணம் களத்தில் கைவிடாது.

இரண்டு வலக்கைக்காரர்கள் வலக்கால் முன்வைத்து எதிரெதிரே நிற்கிறார்கள் என்று கொள்ளுங்கள். நீங்கள் உங்கள் இடது முன்மூலைக்கு நகர்ந்தால் எதிராளியின் முன்கைக்குப் புறத்தே வந்துவிடுகிறீர்கள். அவருடைய வலது விலாவும், முழங்கையின் வெளிப்பக்கமும், முன்வைத்த காலின் வெளிப்பக்கமும் உங்களுக்கு முன்னால் இருக்கின்றன. அவருடைய பின்கையோ அவர் உடம்புக்கு அப்பால் இருக்கிறது. திரும்பாமல் அதைக் கொண்டு உங்களைத் தொட முடியாது. மாறாக நீங்கள் வலது முன்மூலைக்கு நகர்ந்தால் அவருடைய நெஞ்சும் வயிறும் திறந்திருக்கும், ஆனால் அவர் கம்பின் இரு முனைகளும் உங்களை எட்டும். அங்கே போகிறவன் அடித்த கையோடு வெளியேறத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் புறப்பக்கம் மட்டும் போதும்.

எண்ணிக்கையைக் கேட்டீர்கள். மேலிருந்து இறங்கும் சாய்வடி இரண்டு, கீழிருந்து ஏறும் சாய்வடி இரண்டு, நேர்குத்து ஒன்று. இந்த ஐந்தும் நான்கு மூலைக் காலடியோடு சேர்ந்து வந்துவிட்டால், நேர்வெட்டும் பக்கவாட்டு வீச்சும் அவற்றின் சிறு மாற்றங்களாகத் தாமே வந்துவிடும். மறக்காணம், குறவஞ்சி, நாகதாளி என்று முறைகள் பல இருந்தாலும், நான் பார்த்த நல்ல வாத்தியார்கள் எவரும் காலை விட்டுவிட்டுக் கையைப் பேசியதில்லை.

மண்டபம் ஆசிரியர்

வாத்தியார் ஐயா சாய்வடிகளை முதலில் வைத்ததற்கு இயற்பியலிலும் தெளிவான காரணம் உண்டு. நான் பள்ளியில் அந்தப் பாடம் நடத்துகிறவன், கம்பும் சுற்றுகிறவன். ஆகையால் சற்று விரிவாகவே எழுத அனுமதி கேட்கிறேன்.

நேரே மேலிருந்து இறங்கும் அடியைத் தவிர்க்க எதிராளி ஒரு தோள் அகலம் பக்கவாட்டில் விலகினால் போதும். தலைமட்டத்தில் பக்கவாட்டாக வரும் வீச்சுக்கு அவர் குனிந்தால் போதும். சாய்வடிக்கு இவை இரண்டும் உதவுவதில்லை. விலகினாலும் கம்பு அவர் உடம்பை வேறோர் உயரத்தில் சந்திக்கிறது, குனிந்தாலும் அதன் பாதையிலேயே இருக்கிறார். பின்வாங்குவது அல்லது தடுப்பது என்ற இரண்டு வழிகள் மட்டுமே அவருக்கு மிஞ்சுகின்றன. எதிராளியின் தேர்வுகளைக் குறைக்கும் கோணம் நல்ல கோணம் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது, கம்பு பரப்பைச் சந்திக்கும் கோணம். பரப்புக்குச் செங்குத்தாக மோதினால் கம்பின் வேகம் முழுவதும் மோதலுக்குப் பயன்படுகிறது. செங்குத்திலிருந்து 45 பாகை விலகி மோதினால் வேகத்தில் 71 விழுக்காடுதான் உள்ளே செல்கிறது. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் பாதியாகிவிடுகிறது. 60 பாகை விலகினால் வேகம் பாதி, ஆற்றல் கால்பங்கு. மீதி, வழுக்கிக்கொண்டு போய்விடும். மனித உடம்பின் பரப்புகள் ஒரே திசையைப் பார்த்து இருப்பவை அல்ல. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் பகுதி சரிவாக இருக்கிறது, ஆகவே வெளியிலிருந்து உள்நோக்கி இறங்கும் சாய்வடி அதை ஏறக்குறையச் செங்குத்தாகச் சந்திக்கிறது. தொங்கவிட்ட மேற்கைக்கு அதே சாய்வடி வழுக்கும், பக்கவாட்டு வீச்சு முழுமையாக விழும். முன்வைத்த தொடை சாய்ந்து நிற்பதால், கீழிருந்து ஏறும் அடியைக் காட்டிலும் இறங்கும் அடியே அதில் நன்றாகப் பதியும். இலக்கைப் பார்த்தவுடன் அதன் சரிவையும் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

கம்பின் எந்த இடம் மோத வேண்டும் என்பதும் கோணத்தோடு பின்னியது. சீரான ஒரு கம்பை ஒரு முனையில் பிடித்து வீசினால், பிடித்த முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் மோதும்போதுதான் கைக்கு அதிர்வு ஏறாது. 160 சென்டிமீட்டர் கம்பில் அது கையிலிருந்து ஏறக்குறைய 107 சென்டிமீட்டர். மூங்கில் நுனியில் மெலிந்திருப்பதால், அடிப்பக்கத்தைப் பிடித்தால் அந்த இடம் இன்னும் சற்றுக் கைப்பக்கம் நகரும். மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் கம்பின் தவறான இடத்தில் மோதுகிறான் என்பது என் அனுபவம்.

பிடியைப் பற்றி ஒரு சொல். கம்பை நடுவில் பிடித்துத் திருப்பும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்றுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓரத்தில் பிடித்துத் திருப்புவதில் கால்பங்குதான். அதனால் நடுப்பிடியில் கோணத்தை மாற்றுவது மிக எளிது, ஆனால் எட்டும் தூரம் பாதியாகிவிடுகிறது. ஓரப்பிடியில், அதே சுழற்சி வேகத்துக்கு நுனியின் வேகம் இரண்டு மடங்கு. ஆயினும் தொடங்கிய கோணத்தை நடுவழியில் மாற்றுவது பெரியவர்களுக்கே கடினம். ஓரப்பிடிக்கு வருவதற்கு முன்பே கோணத்தை முடிவு செய்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

தொண்டி மாலுமி

இருவருடைய பதிவுகளையும் ஊன்றிப் படித்தேன். கப்பல் வேலையில் இருந்தபோது பிலிப்பைன்சில் ஆர்னிசு என்னும் தடிக்கலையைச் சிறிது காலம் கற்றேன். 2009ஆம் ஆண்டில் அந்நாடு சட்டம் இயற்றித் தன் தேசியத் தற்காப்புக் கலையாக அதை அறிவித்தது. அங்கே கோணங்களுக்கு எண் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்குப் பள்ளி எண்ணிக்கையும் வரிசையும் மாறும். பலரும் அறிந்த ஒரு முறையில் 12 கோணங்கள் உண்டு. முதலிரண்டும் இரு நெற்றிப்பொட்டுகளுக்கு, அடுத்த இரண்டும் இரு தோள்களுக்கு, ஐந்தாவது வயிற்றுக்குக் குத்து, பிறகு நெஞ்சுக்கும் முழங்கால்களுக்கும் கண்களுக்கும் என்று போய், பன்னிரண்டாவது உச்சந்தலையில் இறங்குகிறது.

எண் வைப்பதால் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. ஆசிரியர் எண்ணைச் சொன்னவுடன் இருவரும் ஒரே அடியை நினைக்கிறார்கள். ஒருவர் அடிக்க, மற்றவர் அதற்குரிய தடுப்பைப் பழகுகிறார். புதியவர்களுக்கு இதில் குழப்பம் இல்லை. நம் களங்களிலோ ஒரே அடிக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்குகிறது. சாயல்குடியில் கற்ற பிள்ளை தொண்டிக்கு வந்தால் வாத்தியார் சொல்வது புரிவதில்லை. ஐந்து போதும் என்ற ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனாலும் கோணத்தோடு இலக்கையும் சேர்த்து எண்ணிட்டுக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் வேகமாகக் கற்பார்கள் என்பது என் கருத்து.

சாயல்குடி வாத்தியார்

தொண்டித் தம்பிக்கு வணக்கம். அந்தக் கலையை நான் குறைவாக எண்ணவில்லை. அவர்கள் தடி ஏறக்குறைய ஒரு கை நீளம்தான் இருக்கும்; பெரும்பாலும் ஒரு முனையால் அடிப்பார்கள். நம் கம்பு நெற்றி உயரம், இரண்டு முனைகளும் அடிக்கும். இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் எடுத்துவந்தால், நம் கம்பின் பாதிப் பலத்தைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போவதாகிவிடும்.

நம் கம்பில் ஒரு கோணம் தனியாக வருவதே இல்லை. வலது மேலிருந்து இறங்கிய முனை தடுக்கப்பட்டால், அந்தத் தடுப்பின் மேலேயே கம்பைத் திருப்பும்போது மறுமுனை இடது கீழிருந்து ஏறுகிறது. எதிராளி தன் இடது மேற்பக்கத்தைக் காக்கக் கையை உயர்த்தியிருக்கிறார், ஆகவே அவருடைய வலது கீழ்ப்பக்கம் அந்த நொடியில் திறந்திருக்கிறது. இது தற்செயலாக அமைவது இல்லை. கம்பு நேரானது, எதிராளிக்குக் கைகள் இரண்டுதான். ஒரு மூலையை முழுமையாக மூடினால் அதன் எதிர்மூலை திறந்தே தீரும்.

ஆட்டத்தின் நடுவே எதைப் பார்த்து முடிவு செய்வது என்று கீழக்கரைத் தம்பி கேட்டதற்கு என் விடை இதுதான்: தொட விரும்பும் இடத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும், அந்த இடம் எந்தத் தடுப்பினால் திறக்கும் என்று பார்க்க வேண்டும், அந்தத் தடுப்பை வரவழைக்கும் கோணத்தில் முதல் அடியை அடிக்க வேண்டும். முதல் அடி உண்மையான அடியாகவே இருக்க வேண்டும். பொய்யடியை ஓரளவு பழகிய எதிராளி தடுக்க மாட்டார். தடுக்காவிட்டால் மூலை திறக்காது. தலைப்பக்கம் குறித்து அடித்த முதல் அடி தடுக்கப்பட்டு, வலது தொடையில் இரண்டாவது அடி விழுந்தால், இரண்டு கோணங்களையும் சேர்த்து ஒரே தேர்வாகத்தான் கொள்ள வேண்டும்.

எண்ணைச் சொல்லிப் பழக்குவதில் எனக்குள்ள மனக்குறை இதைச் சார்ந்தது. எண்ணைக் கேட்டு அடித்துப் பழகியவன், எண் வராத இடத்தில் காத்து நிற்கிறான். எதிராளியின் கைதான் அவனுக்கு எண்ணைச் சொல்ல வேண்டும்.

தங்கச்சிமடம் வீராங்கனை

ஐயா, மற்றும் அண்ணன்மார்களே, தொடுமுறையில் விளையாடுகிறவள் என்ற முறையில் சில வேறுபாடுகளைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மண்டபம் ஆசிரியர் எழுதிய செங்குத்து மோதல், ஆற்றல் ஆகியவை போர்ச் சிலம்பத்துக்கு மிகவும் பொருந்தும். தொடுமுறையில் பலமாக அடித்தால் புள்ளி கூடுவதில்லை. நடுவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி, அனுமதிக்கப்பட்ட இடத்தில், எதிராளிக்கு முன்பாகத் தொட வேண்டும். கம்பின் நுனியில் சாயப்பொடி தடவி, உடையில் விழும் அடையாளத்தைக் கொண்டு தொடுகையை எண்ணும் பழைய வழக்கமும் இதையே காட்டுகிறது. ஆகவே கோணத்தின் மதிப்பை இங்கே நேரமும் தூரமும் முடிவு செய்கின்றன.

அந்தக் கணக்கில் நேர்குத்துக்கு முதலிடம் கொடுப்பேன். வீச்சு வளைந்து வருகிறது, குத்து நேராக வருகிறது. மேலும், முனையை எதிராளியின் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்தால், கம்பு முழுவதும் அவருக்கு ஒரு சிறு வட்டமாகத்தான் தெரியும். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, முன்னேறுகிறதா என்பதைக் கணிப்பது மிகவும் கடினம். அதன் குறை என்னவென்றால், பக்கவாட்டில் லேசாகத் தட்டினாலே விலகிப்போகும். விலகிய கம்பை இழுத்துக்கொள்வதற்குள் அவர் உள்ளே வந்துவிடுவார். அதனால் குத்து விலக்கப்படும் திசையிலேயே மறுமுனையைத் திருப்பிக் கொண்டுவரும் பழக்கம் கட்டாயம் வேண்டும். வாத்தியார் ஐயா சொன்ன சோடிக் கணக்கு குத்துக்கும் பொருந்துகிறது.

நான் உயரம் குறைவு. நெடிய எதிராளியோடு ஆடும்போது மேல் மூலைகளில் அடித்தால் தூரம் போதாது, என் விலாவும் திறந்துவிடும். கீழ்மூலையிலிருந்து ஏறும் சாய்வடி எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது. எதிராளியின் முன்னங்கைகளுக்குக் கீழே அது பாதிவழி வரும் வரைக்கும் அவர் பார்வையில் படுவதில்லை. உயரத்துக்கும் கைநீளத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் முதன்மைக் கோணம் வேறாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வரிசையில் கற்றுக்கொடுத்தாலும், போட்டிக்கு அனுப்பும்போது இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்ட பிறகு, எங்கள் பகுதியில் பெற்றோர்கள் பெண் பிள்ளைகளைத் துணிந்து அனுப்புகிறார்கள். போட்டியை நடத்தும் அமைப்புக்கு அமைப்பு, தொடக்கூடிய இடங்கள் பற்றிய விதி மாறுகிறது. எந்தப் போட்டிக்குப் போகிறோமோ அதன் விதிகளைப் படித்துவிட்டு, அங்கே செல்லாத இலக்குகளுக்கான கோணங்களை அந்தப் பருவப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

மண்டபம் ஆசிரியர்

தங்கை சொல்வது முற்றிலும் சரி. நேரத்தைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். கண்ணால் கண்டு, உடம்பு அசையத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. கம்பின் நுனி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், அந்த நேரத்தில் 2 மீட்டர் கடந்துவிடும். அதாவது, கம்பைப் பார்த்துத் தடுப்பது இயலாத காரியம். நன்றாகத் தடுக்கிறவர்கள் எல்லோரும் தோளையும் இடுப்பையும் முன்காலின் பாதத்தையும் பார்த்து, அடி புறப்படுவதற்கு முன்பே கோணத்தைக் கணித்துவிடுகிறார்கள். ஆகவே ஒரே காலடியிலிருந்து, ஒரே தோள் அசைவிலிருந்து, மேலும் கீழுமாக இரண்டு கோணங்களில் அடிக்கப் பழகியவன் எதிராளியின் கணிப்பைப் பொய்யாக்கிவிடுகிறான். கீழக்கரை மாணவனுக்கு இது மிகவும் உதவும். அவனுடைய பழகிய மேலடியின் தொடக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் கீழ்மூலைக்கு மாற்றப் பழக்கலாம். எல்லோரும் எதிர்பார்க்கும் அடியே அவனுக்குத் திரையாக அமையும்.

உச்சிப்புளி பிசியோ

பிள்ளைகளுக்குத் தவிர்க்க வேண்டிய கோணங்கள் பற்றிக் கேட்டிருந்ததற்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. இயன்முறை மருத்துவம் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். தயவுசெய்து இதை இரண்டாம் பட்சமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெற்றிப்பொட்டில் மண்டையோடு மெல்லியது, அதன் உட்பக்கம் ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. அங்கே விழும் அடியால் மண்டைக்குள் இரத்தம் கசிந்து, பிள்ளை சற்று நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு மயங்கி விழக்கூடும். தலைக்கவசம் இல்லாமல் தலைப்பக்கம் நோக்கிய எந்தக் கோணத்தையும் இருவர் பயிற்சியில் அனுமதிக்கக் கூடாது. தலையில் அடிபட்டு வாந்தியோ தலைவலியோ தூக்கக் கலக்கமோ இருந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கழுத்தின் முன்பக்கத்துக்கும் கண்ணுக்கும் வரும் குத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்.

கழுத்தெலும்பு பிள்ளைகளுக்கு எளிதில் முறியும் எலும்புகளில் ஒன்று. மண்டபம் ஆசிரியர் சொன்ன, தோள்சரிவில் செங்குத்தாக விழும் அந்தச் சாய்வடிதான் அதற்குப் பெருங்காரணமாக இருக்கக்கூடியது. அந்தக் கோணத்தைப் பனங்கட்டையில் முழுப் பலத்தோடும், ஆள்மேல் என்றால் படுவதற்கு முன்பே கம்பை நிறுத்தியும் பழக்குங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில், எலும்பின் மேலேயே தோலுக்கடியில் ஒரு நரம்பு செல்கிறது. அங்கே பலமாக அடிபட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். எனவே கீழ்மூலை அடிகளுக்கு முழங்காலை விட்டுத் தொடையின் நடுப்பகுதியை இலக்காக வையுங்கள்.

அடிப்பவனுடைய உடம்பையும் கவனிக்க வேண்டும். முழங்கையைத் தோளுக்கு மேலே பக்கவாட்டில் உயர்த்தி, மேலடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் தோள்மூட்டின் தசைநார்கள் நசுங்கி வீங்கும். முழங்கை சற்று முன்னால் வந்தால் இந்தத் தொல்லை குறையும். ஒரே கோணத்தில் அடிக்கும் பழக்கம் ஆட்டத்தை மட்டுமல்லாமல் தோளையும் கெடுக்கிறது. காலைப் பற்றி ஐயா சொன்னதோடு ஒன்று: கால் ஆழப் புதையும் மணலில் இடுப்பை வேகமாகத் திருப்பினால் பாதம் திரும்பாது, திருகல் முழுவதும் முழங்காலில் ஏறும். குதிகாலைத் தூக்கிவிட்டுத் திரும்பப் பழக்குங்கள்.

தொடக்கத்தில் மூங்கிலை விடப் பிரம்பு நல்லது. மூங்கில் பிளந்தால் சிராய் தெறிக்கும். பிரம்பு நார்நாராக நைந்துபோகுமே தவிரத் தெறிப்பது அரிது.

கீழக்கரைக் கம்பு

உங்கள் அனைவருக்கும் மிகுந்த நன்றி. இன்னொரு சிக்கலையும் கேட்டுவிடுகிறேன். நாங்கள் கடற்கரையில் கடலைப் பார்த்து நின்று பழகுகிறோம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இடமிருந்து வலம் வீசும் அடிகள் பிள்ளைகளுக்குத் தளர்ந்து விழுகின்றன. கம்பு அவ்வளவு மெல்லியது; காற்று அதை இந்த அளவுக்குப் பாதிக்குமா?

மண்டபம் ஆசிரியர்

பாதிக்கும். காற்றுத்தடை, காற்றுக்கும் கம்புக்கும் இடையிலான வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. நுனி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது, கச்சானும் 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில், எதிரே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளோடு ஒப்பிட்டால் நுனியில் தடை நான்கு மடங்கு. காற்றோடு சேர்ந்து வீசினால் அந்த இடத்தில் தடை ஏறக்குறைய இல்லை. பெரியவர்களுக்கு இது சிறு உறுத்தல்தான். மெல்லிய மணிக்கட்டுடைய பிள்ளைகளுக்கு, கம்பின் நீளம் நெம்புகோலாகிவிடுவதால் நன்றாகவே தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீழக்கரையில் மன்னார் வளைகுடாவைப் பார்த்து நிற்கிறவனுக்குத் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் வலது முன்பக்கத்திலிருந்து வீசுகிறது. வலமிருந்து இடம் போகும் அடிக்கு அது துணை, இடமிருந்து வலம் போகும் அடிக்குப் பகை. உங்கள் மாணவன் வலது தோளிலிருந்து இறங்கும் அடியையே விரும்புவதில் இந்தக் காற்றுக்கும் பங்கு இருக்கலாம். எது சுகமாக வருகிறதோ அதை உடம்பு வைத்துக்கொள்ளும்.

சாயல்குடி வாத்தியார்

அதனால்தான் எங்கள் பக்கம் நிற்கும் திசையை அடிக்கடி மாற்றுவோம். கச்சான் காலத்தில் ஒரு நாள் கடலைப் பார்த்து, மறுநாள் கடலுக்கு முதுகு காட்டி. வாடை தொடங்கியதும் காற்றின் திசை மாறிவிடும், அதற்கேற்ப நிற்கும் திசையையும் மாற்ற வேண்டும். வெயில் ஒருவர் கண்ணிலேயே விழாதபடி இடமாற்றம் செய்து ஆடவிடுங்கள். வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு மேல்மூலையில் அடிப்பதும் ஒரு கோணத் தேர்வுதான். அதைப் பிள்ளைகள் பின்னால் கற்றுக்கொள்ளட்டும்.

இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஈர மணல் குறுகலாகத்தான் கிடைக்கும். இரண்டு பேர் பக்கவாட்டில் நகர இடம் போதாது. கோடு கீறிக் காலடி பழக அந்த ஈர மணலையும், ஆட்டத்துக்கு ஊருக்குள் இறுகிய செம்மண் தரையையும் பயன்படுத்துங்கள்.

தொண்டி மாலுமி

ஐயாவின் சோடி விளக்கத்துக்குப் பிறகு என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். பன்னிரண்டு எண்களை நம் கம்புக்குக் கொண்டுவருவதில் பொருள் இல்லை. ஆனால் பொதுப்பெயர் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். வலமேல், இடமேல், வலக்கீழ், இடக்கீழ், குத்து என்று ஐந்து சொற்கள் எல்லாக் களங்களிலும் ஒன்றாக இருந்தால் போதும். ஆசிரியர் அடிக்கும் கோணத்தைச் சொல்லாமல், தடுப்பவனுடைய கையை எங்கே உயர்த்தச் சொல்கிறாரோ அதை மட்டும் அறிவிக்கலாம். வலமேல் மூடு என்றால், அடிப்பவன் திறந்த எதிர்மூலையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். எண்ணுக்குக் காத்திருக்கும் குறையும் இதில் நீங்கிவிடும்.

கீழக்கரைக் கம்பு

தொண்டிக் காக்கா (அண்ணன்) சொன்ன இந்தப் பயிற்சியை இன்று மாலையே தொடங்குகிறேன். முதலில் கம்பில்லாமல் கோட்டில் காலடி, பிறகு பனங்கட்டையில் நான்கு மூலைகள், பிறகு பிரம்போடு மூடு-திற பயிற்சி என்று வைத்துக்கொள்கிறேன். தலைக்கவசங்கள் வந்துசேரும் வரையில் இருவர் பயிற்சியில் மேல்மூலை அடிகள் எதுவும் இருக்காது. தங்கச்சிமடம் சகோதரி சொன்னபடி, போட்டி விதிகளையும் வரவழைத்துப் படிக்கிறேன்.

ஒரு சிறு ஐயம் மட்டும். எங்களிடம் இடக்கைப் பழக்கமுள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இவை அனைத்தையும் இடவலம் மாற்றிச் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

சாயல்குடி வாத்தியார்

போதாது, தம்பி. இடக்கைக்காரியும் வலக்கைக்காரனும் எதிரெதிரே நின்றால் இருவருடைய முன்கால்களும் ஒரே பக்கம் வந்துவிடும். இருவருமே மற்றவரின் முன்கைக்குப் புறத்தே போவதற்குப் போட்டியிடுவார்கள். யாருடைய முன்கால் வெளியே விழுகிறதோ அவருக்கே எதிராளியின் விலா திறக்கும். அவளுடைய இடக்கால் எதிராளியின் வலக்காலுக்கு வெளியே, அவளுக்கு இடப்பக்கம் விழ வேண்டும். அங்கிருந்து நேர்குத்தும், இடக்கீழிலிருந்து ஏறும் அடியும் அவளுக்கு இயல்பாக வரும். வலக்கைப் பிள்ளைகள் எல்லோரையும் முறைவைத்து அவளோடு ஆடவிடுங்கள். அவளுக்கு எதிராளிகளுக்குக் குறைவில்லை, அவர்களுக்குத்தான் அவளைப் போன்ற ஒருத்தி கிடைப்பது அரிது.